கரிசல் மண்ணில் உக்கிராணத்துவம்

கையிலிருக்கும் எதுவும் தனக்குச் சொந்தமல்ல, கடவுள் நம்பி ஒப்படைத்தது என்ற விசுவாசமே உக்கிராணத்துவம் என்னும் கிறிஸ்தவப் போதனைக்கு வேர். சபைகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் தசமபாகத்தில் தொடங்கிக் காணிக்கைப் பையில் முடிந்துவிடுகிறது. லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமை இதைவிட நெடுந்தூரம் போகிறது. அங்கே எஜமான் தன் உக்கிராணக்காரனின் பொறுப்பில் விட்டுச்செல்வது வீட்டு வேலைக்காரர்களை. அவர்களுக்கு வேளாவேளைக்கு உணவு அளந்து கொடுக்க வேண்டியது அவன் கடமை. எஜமான் வரத் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தை நம்பி அவன் உடன்வேலைக்காரரை அடிக்கத் தொடங்குகிறான். தின்று குடித்து வெறிக்கிறான். அவனிடம் கணக்குக் கேட்கப்படுவது அதற்காகத்தான்.

உக்கிராணத்துவம், விடாமுயற்சி, தேவபக்தியுள்ள தலைமை ஆகிய மூன்றும் இந்த ஒரே கதைக்குள் பின்னிக் கிடக்கின்றன. ஒப்படைக்கப்பட்டவர்களைப் பேணுவது முதலாவது. பார்க்க ஆளில்லாத நாள்களிலும் அதே ஒழுங்கில் நிற்பது இரண்டாவது. அதிகாரம் கையில் இருந்தும் தானும் ஒரு வேலைக்காரனே என்பதை மறவாதிருப்பது மூன்றாவது. தனித்தனிப் பிரசங்கத் தலைப்புகளாகப் பிரித்துப் பழகிவிட்டதால் இவற்றின் உறவு கண்ணில் படுவதில்லை. வாழ்க்கையில் இவை ஒன்றாகவே வருகின்றன. விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில், அதைப் பார்க்க முடிகிறது. நூற்றறுபது ஆண்டுகளுக்கும் முந்தைய மிஷனெரி ஊழியத்திலும் இது தெரிகிறது. இன்றைய பட்டாசு ஆலைகளின் அறைகளிலும் தெரிகிறது.

இந்த வட்டாரம் 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை திருநெல்வேலி மாவட்டத்தின் வட எல்லையாக இருந்தது. மழை குறைந்த கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் மானாவாரியாக விளையும் ஊர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தெற்கே மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் எனக் கிறிஸ்தவச் சபைகள் வேரூன்றியிருந்தன. வடக்கே அப்படி வேரூன்றிய சபைகள் அரிது. சி.எம்.எஸ். (சர்ச் மிஷனெரி சொசைட்டி) மிஷன் அந்த வட பகுதிக்கென ஒரு நடமாடும் ஊழியத்தை 1854இல் தொடங்கியது. அதற்குத் தலைமை ஏற்றவர் தாமஸ் கஜேத்தன் ராக்லண்ட்.

ராக்லண்ட் 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, 1841ஆம் ஆண்டுத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே நான்காம் இடம் பெற்றார். 1846இல் சென்னைக்கு வந்து, சி.எம்.எஸ். மிஷனின் செயலாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். கடிதம், கணக்கு, நிர்வாகம், மற்ற மிஷனெரிகளுக்கு ஆலோசனை என்று மதிப்புமிக்க வேலை அது. அதை விட்டு அவர் கேட்டு வாங்கிக்கொண்டது கூடார வாழ்க்கை. டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்னும் இளைஞர்களோடு ஊர் ஊராகக் கூடாரம் போட்டு, கோடை வெயிலிலும் நடந்து நற்செய்தி சொன்னார். நுரையீரல் நோய் அவரிடம் முன்பே இருந்தது. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் ரத்தம் கக்கி இறந்தார். அப்போது வயது 43.

அவர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மிகச் சிலரே. எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால் அந்த நாலரை ஆண்டுகள் தோல்வி என்றே எழுத வேண்டும். ஆனாலும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1861இல் பெரோன் என்பவர் எழுதினார். அறுபது ஆண்டுகள் கழித்து டோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அதே மனிதரைப் பற்றி மீண்டும் ஒரு நூல் எழுதினார். இரண்டு தலைமுறை இடைவெளியில் இருவரை எழுதத் தூண்டிய வாழ்க்கை அது. விளைச்சல் தன் காலத்தில் வராது என்று தெரிந்தே விதைக்கிறவன் என்ற உருவம் யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வரும் கோதுமை மணியிலிருந்து வருகிறது. ராக்லண்டின் மனதை ஆண்டதும் அதுவே.

ஆனால் ராக்லண்டை மட்டும் சொல்லி நிறுத்துவது இந்த வரலாற்றுக்கு நியாயமாகாது. அந்த ஊழியத்தின் முதுகெலும்பாக இருந்தவர்கள் தெற்கிலிருந்து வந்த தமிழ் உபதேசியார்கள். தென் திருநெல்வேலிச் சபைகள் அவர்களை முறை வைத்து வடக்கே அனுப்பின; செலவைத் தாங்களே ஏற்றன. அப்படிக் கொடுத்தவர்களில் பலர் பனையேறிகளும் சிறு விவசாயிகளும். தங்கள் ஊர்ச் சபைக்கே உபதேசியார் தேவைப்பட்ட நேரத்தில், முகம் தெரியாத கரிசல் ஊர்களுக்கு அவரை அனுப்ப அவர்கள் சம்மதித்தார்கள். பின்னாளில் சென்னையில் புகழ்பெற்ற போதகரான டபிள்யூ. டி. சத்தியநாதன் தன் இளமையில் இந்த வட திருநெல்வேலி ஊழியத்தில் நடந்தவர்தான். ஐரோப்பிய மிஷனெரியின் பெயர் நூல்களில் நின்றது. உபதேசியார்களில் பலருடைய பெயர் நிற்கவில்லை. இந்த மண்ணின் கிறிஸ்தவ வரலாற்றை எழுதுகிறவர்கள் தீர்க்க வேண்டிய கடன் இது.

கொடுப்பது மிச்சத்திலிருந்து வர வேண்டியதில்லை என்பதற்கு இந்தப் பக்கத்தில் ஒரு பழைய அடையாளம் உண்டு: கைப்பிடி அரிசி. உலையில் இடுவதற்கு முன் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். கலயம் நிறைந்ததும் அது ஆலயத்துக்குப் போகும். விற்ற காசு ஊழியத்துக்குச் சேரும். அந்த ஒரு பிடி அன்றைய சோற்றிலிருந்தே குறைகிறது. எனவே கொடுக்கிறவளின் வயிறு அதை அறியும். இந்தப் பழக்கம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். காமராஜர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலை, நாடார் உறவின்முறையின் மகமை நிதியாலும் வீடுவீடாகச் சேர்த்த பிடியரிசியாலும் நடந்த பள்ளி. பொதுக் காரியத்துக்குத் தன் சோற்றில் பங்கு வைப்பது இந்த ஊர்களின் பொதுச் சொத்து. கிறிஸ்தவம் அதை இங்கே கொண்டுவந்து சேர்க்கவில்லை. இருந்த நற்குணத்தை ஆராதனையோடு இணைத்தது. சாதி எல்லைக்கும் ஊர் எல்லைக்கும் அப்பால் அந்தப் பிடி அரிசி போக வேண்டும் என்று கேட்டது.

அந்த வேண்டுகோள் பெரிய அளவில் பதில் பெற்றது 1903இல். வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்த வி. எஸ். அசரியா, முந்தின ஆண்டு யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் பணத்தில் தங்கள் ஆள்களையே வேற்றிடங்களுக்கு ஊழியராக அனுப்புவதைக் கண்டார். தாயகத் திருநெல்வேலியில் அவர்களைவிடப் பெரிய சபை இருந்தும் அது நடக்கவில்லையே என்ற வருத்தம் அவரைத் தூங்கவிடவில்லை. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணம் வாங்காமல், திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கையிலேயே, ஐதராபாத் நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல் பகுதிக்கு அது ஊழியரை அனுப்பியது. 1909இல் அசரியாவே அங்கே போனார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றபோது, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். தோர்ணக்கல் சபையில் பெரும்பாலோர் நிலமற்ற தலித் விவசாயக் கூலிகள். அவர்களிடமும் கொடுக்கும் கடமையை அவர் பேசினார். ஏழை என்பதால் ஒருவரை வாங்குகிறவராக மட்டுமே வைத்திருப்பது அவர் மாண்பைக் குறைப்பதாகும் என்பது அவருடைய நம்பிக்கை. கிறிஸ்தவக் கொடையைப் பற்றி ஆங்கிலத்தில் தனி நூலே எழுதினார். கொடுக்கத் தெரிந்த சபையே தன்னைத் தானே ஆளவும் கற்கும் என்ற எண்ணம் அந்த வாழ்க்கை முழுவதும் ஓடுகிறது.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, மதுரையில் அமெரிக்க மிஷன் வளர்த்த சபைகளும் சிவகாசி, சாட்சியாபுரம் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகளும் மதுரை ராமநாதபுரம் பேராயத்தில் சேர்ந்தன. முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின். அப்போது அவருக்கு 37 வயது. கிராமச் சபைகள் ஏராளம், குருவானவர்கள் சிலரே. நியூபிகின் ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊரிலேயே இருந்த சாதாரண விசுவாசிகளைச் சபை நடத்தப் பயிற்றுவிக்க முற்பட்டார். நிலத்தில் உழைக்கிறவர்களே ஜெபம் நடத்தவும் வேதம் வாசித்து விளக்கவும் பழகினார்கள். பேராயர் என்றால் ஆசனத்தில் அமர்கிறவர் என்ற படத்தை அந்த நாள்களில் பலர் மனதிலிருந்து மாற்றியது, தெருத் திண்ணையில் உட்கார்ந்து அவர் பேசிய பேச்சுதான்.

தலைமை பற்றிய புதிய ஏற்பாட்டுப் போதனை எளிமையானது. ஆனால் கடைப்பிடிக்கக் கடினமானது. மாற்கு 10ஆம் அதிகாரத்தில் பதவி கேட்டு வந்த சீடர்களிடம், உலகத்து அதிபதிகள் இறுமாப்பாய் ஆளுவதுபோல உங்களுக்குள் இருக்கக் கூடாது என்ற பொருளில் இயேசு பேசுகிறார். எருசலேம் ஏழைகளுக்கென்று சேர்த்த பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல், சபைகள் நியமித்த ஆள்களைத் துணைக்கு வைத்துக்கொண்டார். தன் நேர்மை கடவுளுக்குத் தெரிந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை; மனிதர் கண்ணிலும் கணக்கு தெளிவாக இருக்க வேண்டும் என்றார். இரண்டாம் கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. சபைத் தேர்தல்களும் ஆலயச் சொத்துகளும் நீதிமன்றப் படியேறும் இந்நாளில், அந்த அதிகாரம் சபைகளை நிர்வகிக்கும் சேகரக் குழுக் கூட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறையாவது வாசிக்கப்பட வேண்டும்.

ஆலயத்துக்குள் நடக்கும் உக்கிராணத்துவம் இதோடு முடியலாம். சிவகாசிப் பக்கத்தில் வாழும் கிறிஸ்தவருக்கு அதைவிடக் கடினமான இடம் ஆலை.

1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இந்த வறண்ட பூமிக்கு வேறொரு பிழைப்பைக் காட்டினார்கள். அதன் தொடர்ச்சியாகப் பட்டாசும் அச்சகமும் வளர்ந்தன. இன்று நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இங்கிருந்தே போகிறது. ஆலை முதலாளிகளிலும் போர்மேன்களிலும் மருந்து செலுத்தும் பெண்களிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனையில் ஒரே பெஞ்சு வரிசையில் உட்காரும் இருவருக்கு இடையே திங்கள்கிழமை காலை முதலாளி, கூலி என்ற உறவு தொடங்கிவிடுகிறது. லூக்காவின் உவமை சொல்லும் சூழ்நிலை அச்சு அசலாக இதுதான்: ஒருவர் கையில் மற்றவரின் சோறும் உயிரும்.

தொழிலின் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது அறியாத ரகசியம் அல்ல. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவை கலந்த மருந்து உராய்வைத் தாங்காது. அதனால் அறைகள் தள்ளித்தள்ளிக் கட்டப்பட வேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது. மரத்தடியிலும் நடைபாதையிலும் உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது. மீந்த மருந்தை மறுநாளைக்கு வைத்தால் ஈரம் ஏறித் தானாகச் சூடாகித் தீப்பிடிக்கலாம். நாக்பூரில் தலைமையகம் கொண்ட வெடிபொருள் துறையின் உரிமத்தில் இவை யாவும் நிபந்தனைகள். மீறல் நடக்கும் வழியும் தெரிந்ததுதான். உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடுகிறார். குத்தகை எடுத்தவர் போட்ட பணத்தைச் சீசனுக்குள் எடுக்க ஆளைக் கூட்டுகிறார். பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிற தொழிலாளி கை வேகத்தைக் கூட்டுகிறார். வாங்கிய முன்பணம் அவரை அந்த அறையை விட்டு எழவிடுவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். முதல் தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த ஆலை விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இத்தகைய இடத்துக்கு வேதாகமத்தில் நேரான ஒரு சட்டம் இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும், யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம் 22ஆம் அதிகாரம். விழுந்தவன் கவனமாக இருந்திருக்கலாமே என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை. விபத்துக்கு முன்பே சுவர் வைத்திருக்க வேண்டியது வீட்டுக்காரன் கடமை. ஆலை நடத்தும் விசுவாசிக்கு அறைக்கு நான்கு பேர் என்ற விதி அந்தக் கைப்பிடிச்சுவர்தான். அதை அரசு அதிகாரியின் தொந்தரவாக நினைக்கிறவர், திறப்பு விழாவில் குருவானவரை அழைத்து ஜெபம் வைத்ததால் ஆலை கடவுளுடையது ஆகிவிட்டதாகக் கருத முடியாது. தசமபாகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது ஐந்தாவது, ஆறாவது ஆளை அறைக்குள் உட்காரவைத்துச் சம்பாதித்ததிலிருந்து வந்தால், யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரத்தில் சொல்லும், கூலி மறுக்கப்பட்டவர்களின் கூக்குரல் அதன் மேல் இருக்கிறது.

இங்கே விடாமுயற்சி என்ற குணத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். ராக்லண்ட் தன் உடல்நலத்தைக் கொடுத்து நிலைத்து நின்றார். அந்த முடிவைத் தானே எடுத்தார். அவர் தன் நோய்க்கு இன்னும் கூடுதல் கவனம் கொடுத்திருக்கலாமா என்றுகூட ஒருவர் நியாயமாகக் கேட்கலாம். ஆனால் ஒருவர் தன்னையே கொடுப்பதும், வேறொருவரின் பொறுமையைத் தன் லாபத்துக்குச் செலவிடுவதும் ஒன்றல்ல. முப்பது வருடம் மருந்து செலுத்திக் கை கறுத்த பெண்ணுக்கு, பாடுகளைச் சகிக்க வேண்டும் என்று பிரசங்கம் சொல்வது எளிது. அவளுக்கு உரிய பிரசங்கம் வேறு: ஆபத்தான அறையில் வேலை மறுப்பதும், சங்கம் சேர்வதும், போர்மேனிடம் மீந்த மருந்தை அழிக்கச் சொல்லிக் கேட்பதும் விசுவாசத்தின் செயல்களே. புதிய ஏற்பாட்டில் பொறுமை என்பது அநீதியோடு ஒத்துப்போவதைக் குறிப்பதில்லை. ரோமர் 5ஆம் அதிகாரத்தில் அது நம்பிக்கையைப் பிறப்பிக்கிற பலமாகவே பேசப்படுகிறது.

இப்படி நிலைத்து நின்றால் மாற்றம் வரும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை செய்ததைப் பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. விடிவதற்குள் வேன்கள் கிராமங்களில் நின்று குழந்தைகளை ஏற்றிச்சென்ற காலம் இப்போது பழங்கதையாகியிருக்கிறது. நீதிமன்றம், அரசுத் திட்டங்கள், மதிய உணவு, பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்த தேர் இது. கூலிக்குப் போன பிள்ளையைத் திரும்பத் திரும்ப வீட்டுக்குப் போய் அழைத்துவந்த ஆசிரியைகளின் பங்கு எந்தத் தீர்ப்பிலும் இடம்பெறவில்லை. சாட்சியாபுரத்தில் பழைய மிஷன் வளாகத்தில் வளர்ந்த பள்ளிகளும், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான எல்வின் மையமும் அந்த வகைப் பொறுமையான வேலையைச் செய்த இடங்கள்.

தொழிலே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்துப் பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. சரவெடிக்கும் தடை வந்தது. வேலை இழந்த குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பு கடினமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. தலைமை என்பதன் அருமை இத்தகைய நேரத்தில்தான் தெரியும். தொழிலைக் காக்கப் போராடுவதும், காற்றையும் தொழிலாளியின் நுரையீரலையும் காப்பதும் எதிரெதிர் என்று கூட்டத்தைக் கிளப்பிவிடுவது எளிது. இரண்டையும் ஒரே கடமையாகப் பேசுகிற முதலாளி, சங்கத் தலைவர், குருவானவர் ஒவ்வொரு ஊரிலும் தேவை. ஆதியாகமத்தின் தொடக்கத்தில் மனிதனுக்குத் தோட்டம் ஒப்படைக்கப்பட்டபோது அதைப் பண்படுத்துவதும் காப்பதும் ஒன்றாகவே சொல்லப்பட்டன.

சபைக்கு உள்ள கடைசிப் பொறுப்பு விபத்துக்குப் பிறகு தொடங்குகிறது. முதல் வாரத்தில் அமைச்சர்கள் வருவார்கள், நிவாரணம் அறிவிக்கப்படும், சபையிலும் சிறப்பு ஜெபமும் காணிக்கையும் நடக்கும். தீக்காயம் அந்த வாரத்தில் ஆறுவதில்லை. தோல் சுருங்கி விரல் மடங்கும். அறுவை சிகிச்சை மீண்டும் மீண்டும் தேவைப்படும். இயன்முறை மருத்துவத்துக்குத் தினமும் பேருந்து ஏற வேண்டும். கூலி நின்ற வீட்டில் முன்பணக் கடன் மட்டும் நிற்காது. பிழைத்தவரோடு மருத்துவமனைக்குப் போக முறை வைத்து ஆள் அனுப்புவது, அன்று தென் திருநெல்வேலிச் சபைகள் உபதேசியார்களை முறை வைத்து அனுப்பியதைவிடக் கடினமான ஏற்பாடு அல்ல. இழப்பீட்டு வழக்கில் குடும்பத்துக்கு வழக்கறிஞர் பார்த்துக் கொடுப்பது, கந்துவட்டிக்காரரிடம் அவர்கள் போகாமல் பார்ப்பது, அனாதையான பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவது ஆகியவையும் சேகரக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் வர வேண்டியவை. ஐந்தாம் வகுப்பில் தாயை இழந்த பிள்ளை பட்டப்படிப்பை முடிக்கப் பத்து ஆண்டுகள் ஆகும். சேகரத்தின் உதவி நிதியும் அந்தப் பத்து ஆண்டுகளுக்கென்று கணக்கிட்டே ஒதுக்கப்பட வேண்டும்.